ஆலயக் கொடையும் வருமான வரியும்



சென்ற மழைக்காலத்தில் நமது பங்கு ஆலயத்தின் கூரை ஒழுகியது. அதனைச் செப்பனிட நிதி திரட்டிய வேளையில், ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர் நம்மிடம் வந்தார். "சாமி, ஒரு லட்சம் தருகிறேன். வரிச்சலுகை பெறத்தக்க ரசீது வேண்டும்" என்றார். அருகிலிருந்த நிதிக்குழு உறுப்பினர் உடனே வழி ஒன்று கூறினார்: "கன்னியரின் முதியோர் இல்லத்திற்கு அந்த அனுமதி உண்டே! அவர்கள் பெயரில் ரசீது எழுதிவிட்டுப் பணத்தைக் கூரைக்குச் செலவிடலாம்." பணம் நமக்கு அவசரமாகத் தேவைப்பட்டது என்பதை மறைக்கவில்லை. ஆயினும் அது பொய்க்கணக்கு, மறுத்துவிட்டோம். இல்லத்தின் அனுமதி பறிபோனால் முதியோரின் கஞ்சிக்கன்றோ கேடு வரும்?

1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 80ஜி பிரிவு என நாம் அறிந்த இச்சலுகை, 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறை நாளாகக் கொண்ட 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 133-ஆம் பிரிவாக இடம்பெற்றுள்ளது. அறப்பணிக்கு அளிக்கும் கொடைக்கே இச்சலுகை. முழுவதுமோ பெரும்பாலுமோ சமயம் சார்ந்த நோக்கம் இதில் அடங்காது. ஆகவே ஞாயிறு காணிக்கை, பூசைக் காணிக்கை, புதிய பீடம், கொடிமரம் எதற்கும் வரிக்கழிவு இல்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு. வரலாற்றுச் சிறப்போ கலைச் சிறப்போ உடையது, அல்லது மாநிலம் முழுவதும் புகழ்பெற்ற வழிபாட்டுத் தலம் என மத்திய அரசு அறிவித்த ஆலயமாயின், அதனைப் புதுப்பிக்க அளிக்கும் கொடைக்குக் கழிவு உண்டு. கோயில், மசூதி, குருத்துவாரா, தேவாலயம் அனைத்திற்கும் இவ்விதி ஒன்றே. நமது சிற்றாலயம் அந்தப் பட்டியலில் இல்லை.

சாதி மத வேறுபாடின்றி யாவருக்கும் பணிபுரியும் இல்லங்களும் மருத்துவமனைகளும் வருமான வரித்துறையின் அனுமதி பெற்றிருப்பின் நிலைமை வேறு. அவ்வனுமதி குறிப்பிட்ட காலத்திற்கே உரியது. கொடுக்குமுன் கேட்டறிவது நலம்.

பலர் கொடுத்த பணம் முழுவதும் வரியில் குறையும் என எண்ணுகின்றனர். அது தவறு. பிற கழிவுகள் போக ஒருவரின் வருமானம் 8 லட்சம் என்போம். அவர் இல்லத்திற்கு ஒரு லட்சம் அளித்தாலும், வருமானத்தில் 10 விழுக்காடாகிய 80,000 ரூபாயே கணக்கில் எடுக்கப்படும். அதில் பாதி, 40,000 ரூபாய், வருமானத்திலிருந்து கழியும். பழைய வரிமுறையில் 20 விழுக்காட்டு வரியும் அதன்மீது 4 விழுக்காடு மேல்வரியும் சேர்ந்து அவருக்கு மிச்சமாவது 8,320 ரூபாய். அவ்வளவே! புதிய வரிமுறையைத் தேர்ந்தோருக்கு இதுவும் கிடையாது. 2023-24 நிதியாண்டு முதல், எதையும் தேர்ந்தெடுக்காதோர் புதிய முறையிலேயே சேர்க்கப்படுகின்றனர் என்பதைப் பலர் அறியார்.

2017 ஏப்ரல் முதல், ரொக்கமாகத் தரும் கொடை 2,000 ரூபாய்க்கு மேற்பட்டால் கழிவு இல்லை. காசோலை அல்லது வங்கி வழியே செலுத்த வேண்டும். அரிசி மூட்டை, சேலை, கட்டில் போன்ற பொருட்கொடைக்கும் கழிவு இல்லை. (அதற்காக இல்லத்திற்கு அரிசி அனுப்புவதை நிறுத்திவிடாதீர்கள்!) கொடையை நிறுவனம் வரித்துறைக்குத் தெரிவித்து வழங்கும் சான்றிதழையும் கேட்டுப் பெறுங்கள்; வெறும் ரசீது போதாது.

இக்கணக்கை அந்தப் பெரியவருக்கு எழுதிக் காட்டினோம். சிறிது நேரம் தாளையே பார்த்திருந்தார். "இந்த எட்டாயிரத்துக்காகவா உங்களைச் சங்கடப்படுத்தினேன், சாமி?" என்றார். மறுவாரம் முதியோர் இல்லத்திற்கு 40,000 ரூபாய்க்குக் காசோலை அனுப்பினார். கூரைக்கு 60,000 தந்து, பங்கின் சாதாரண ரசீதைப் பெற்றுச் சென்றார். ஓடு மாற்றும் வேலை பாதி முடிந்திருக்கிறது.