ஒன்பது மணி நேரம் பதின்மூன்றான கதை

ஃபின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ சுமார் 7,800 கிலோமீட்டர். பயணிகள் விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். வகுத்து, ஏற இறங்கக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டால் ஒன்பதரை மணி நேரம். 2022 பிப்ரவரி வரை ஃபின்லாந்தின் விமான நிறுவனமான ஃபின்ஏரின் விமானங்கள் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் போய்வந்தன. இப்போது சுமார் பதின்மூன்று மணி நேரம் ஆகிறது.

அந்த 7,800 என்ற எண்ணே சுவரில் மாட்டிய வரைபடத்தில் அளந்தால் கிடைக்காது. பூமி உருண்டை ஒன்றில் இரு நகரங்களையும் நூலால் இழுத்துப் பிடித்தால், நூல் வடக்கே ஏறி சைபீரியாவின் மேல் படியும். அதுதான் மிகக் குறுகிய வழி. ஃபின்ஏர் தன் ஆசிய வியாபாரத்தையே இந்த வழியை நம்பித்தான் கட்டியது. ஒரு விமானம் கிழக்காசியாவுக்குப் போய் 24 மணி நேரத்துக்குள் திரும்பிவிடலாம் என்பது அதற்குப் பெரிய லாபம்.

உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. 2022 பிப்ரவரி 28 அன்று ரஷ்யா பதிலுக்கு 36 நாடுகளுக்குக் கதவடைத்தது. நூல் படிந்த இடம் முழுக்க ரஷ்யா. ஆக, சுற்றித்தான் போக வேண்டும்.

சுற்றவும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தெற்கே இறங்கி, துருக்கி, காஸ்பியன் கடல், மத்திய ஆசியா, சீனா வழியாகப் போவது. மற்றொன்று வட துருவத்தைக் கடந்து, அலாஸ்கா அருகே திரும்புவது. எதில் போவது என்பதைப் பெரும்பாலும் காற்றுதான் முடிவுசெய்கிறது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்றோட்டம் டோக்கியோ போகும்போது பின்னாலிருந்து தள்ளும். அதனால் போகும்போது தெற்கு வழி வசதி. அதே காற்றை எதிர்த்துத் திரும்பினால் எரிபொருள் கரையும் என்பதால், வரும்போது துருவ வழி.

துருவ வழியில் வேறு கவலைகள். ஜெட் எரிபொருள் மைனஸ் 47 டிகிரியில் உறையத் தொடங்கும். வெளியே அதைவிடக் கடுங்குளிரும் இருக்கலாம். அதனால் விமானிகள் எரிபொருளின் வெப்பநிலை மேல் ஒரு கண் வைத்திருப்பார்கள். அது இறங்கினால் விமானத்தைச் சற்றுத் தாழ்த்துவார்கள், அல்லது வேகத்தைக் கூட்டுவார்கள். அவசரத்துக்கு இறங்க விமான நிலையங்களும் அங்கே அரிது. பயணிகளுக்கு இதெல்லாம் தெரியாது. துருவத்தைக் கடந்ததற்கு ஒரு சான்றிதழ் கையில் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஃபின்ஏருக்கு இது பழைய பாதை. சோவியத் வான்வெளிக்குள் நுழைய முடியாத 1983-இல், கூடுதல் எரிபொருள் கொள்ளும் டிசி-10 விமானத்தைக் கொண்டு, துருவம் வழியாக இடைநில்லாமல் டோக்கியோ சென்ற நிறுவனம் அது. மற்ற பல ஐரோப்பிய விமானங்கள் அப்போது அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தன.

சீன விமான நிறுவனங்களுக்கு ரஷ்யா இன்னும் வழிவிடுகிறது. பெய்ஜிங்கிலிருந்து ஐரோப்பா வரும் அவர்களின் விமானங்கள் சைபீரியா மேலேயே பறக்கின்றன. ஐரோப்பிய நிறுவனங்களின் மனத்தாங்கலில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆசியாவில் வேலை குறைந்த ஃபின்ஏர், தன் ஏ330 விமானங்களில் இரண்டைப் பணியாளர்களோடு ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸுக்கு வாடகைக்கு விட்டது. 2023 கடைசியில் அவை சிட்னிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பறக்கத் தொடங்கின.