டாங்கோ இசைப்பாவும் குடியேறியோர் மொழியும்

தென்னமெரிக்காவில் பிளாட்டா ஆற்றின் அகன்ற கழிமுகத்தே துறைமுக நகரங்கள் இரண்டு உள. ஒன்று அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ். மற்றொன்று உருகுவேயின் மான்டிவிடியோ. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்விரு நகரங்களிலும் பிறந்த இசையும் ஆடலுமே டாங்கோ ஆகும். இதனை இழிந்தோர் கலை என்றும், இதன் பாடல்களில் பயிலும் 'லுன்ஃபார்டோ' என்னும் வழக்கினைக் கள்வர் குழூஉக்குறி என்றும் பழித்தோர் பலர். அப்பழி பொருந்துமா என்பதைச் சொற்சான்று கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1869 இல் புவெனஸ் அயர்ஸின் மக்கள்தொகை 2 இலட்சத்திற்கும் குறைவு. 1914 இல் அது 15 இலட்சத்தைக் கடந்தது. அவருள் ஏறத்தாழச் சரிபாதியர் பிறநாட்டிற் பிறந்தோர். இத்தாலியரும் ஸ்பானியருமே அவருள் மிக்கோர். வந்தவருள் பெண்டிரினும் ஆடவரே பலர். வறியோர் 'கொன்வென்டில்யோ' எனப்பட்ட பலகுடி மனைகளில், பொதுமுற்றத்தைச் சூழ்ந்த சிற்றறைகளில் நெருங்கி வாழ்ந்தனர். ஒரே நாட்டினராயினும் ஜெனோவாவினர் பேச்சு வேறு, நேப்பிள்ஸினர் பேச்சு வேறு. ஆகவே முற்றத்தில் கலந்துறைந்தோர்க்குக் கலப்புச் சொற்கள் இன்றியமையாதன ஆயின.

1894 இல் அன்டோனியோ டெல்லெப்பியானே இவ்வழக்கினை ஆராய்ந்து எழுதிய நூலுக்குக் 'குற்றத்தின் மொழி' என்றே பெயரிட்டார். ஆயினும் சொற்கள் காட்டுவது பிறிதொன்று. 'லபூரோ' என்பது வேலையைக் குறிக்கும். இத்தாலிய 'லவோரோ' என்பதன் திரிபு அது. சோம்பலைக் குறிக்கும் 'ஃபியாக்கா'வும் இத்தாலிய வழிவந்ததே. இவை உழைப்பாளர் அன்றாடம் வழங்கும் சொற்களே அன்றோ? அசைகளை முன்பின்னாக மாற்றி 'டாங்கோ'வைக் 'கோட்டான்' என வழங்குவது மறைப்பு மட்டுமன்று, விளையாட்டுமாம்.

இனி, டாங்கோவை ஐரோப்பியர் கொணர்ந்த கலை என்று மட்டும் கொள்வதும் குறையுடைத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புவெனஸ் அயர்ஸ் மக்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஆப்பிரிக்க மரபினர். அவர்தம் 'கண்டோம்பே' முழவொலியும், கியூபாவின் 'ஹபனேரா' நடையும், புல்வெளி நாட்டு 'மிலோங்கா'வும் டாங்கோவில் கலந்தன. 'மிலோங்கா' என்னும் பெயரே ஆப்பிரிக்காவின் கிம்புந்து மொழியில் 'சொற்கள்' எனப் பொருள்படும் என்பர். டாங்கோவிற்கே உரியதெனக் கருதப்படும் 'பண்டோனியோன்' என்னும் துருத்திக் கருவியோ ஜெர்மனியிலிருந்து வந்தது.

1917 இல் கார்லோஸ் கார்தெல் பாடிப் பதிவு செய்த 'மி நோச்சே திரிஸ்தே' கைவிடப்பட்ட ஆடவனின் புலம்பல். பாஸ்குவால் கொன்துர்சி இயற்றிய அவ்விசைப்பா, லுன்ஃபார்டோச் சொற்களாலேயே அவலச்சுவையை நிறுத்தியது. நகையாடற்குரியதென எண்ணப்பட்ட வழக்குத் துயரினையும் தாங்கவல்லது என்பது அதனாற் புலனாயிற்று. எனினும் 1943 இல் அமைந்த இராணுவ அரசு வானொலியில் அவ்வழக்கினைக் கட்டுப்படுத்த, பல பாடல்களின் சொற்கள் மாற்றப்பட்டன. 1962 இலோ அதனை ஆராய்தற்கெனப் புவெனஸ் அயர்ஸில் ஒரு கழகமே நிறுவப்பட்டது. 2009 இல் யுனெஸ்கோ டாங்கோவை இருநாட்டுப் பொதுமரபாக ஏற்றது.

வறியோர் மொழியைக் கள்வர் மொழி என்றல் ஒரு பிழை. ஆப்பிரிக்கர் பங்கினை மறத்தல் மற்றொரு பிழை. ஏடுகள் மறைத்த வரலாற்றினைச் சொற்கள் காத்து நிற்கின்றன என்பதே இவ்வாராய்ச்சியால் நாம் பெறும் முடிபாகும்.