குற்றாலச் சாரலும் பிளாஸ்டிக் குப்பையும்

ஆனி ஆடித் திங்களிற் சாரல் வீழுங்காலத்துத் தென்காசியினின்று குற்றாலஞ் செல்லும் சாலையில் மக்கட்கூட்டம் நிரம்பி வழிதலை யாவரும் அறிவர். சென்ற விடுமுறையில் யாமும் நண்பருடன் சென்று பேரருவியில் நீராடி மகிழ்ந்தோம். மீளும்பொழுதே ஷாம்பு உறைகளும் தண்ணீர்ப் புட்டிகளும் ஓடையோரத்துக் கிடந்தமை எம் கண்ணிற் பட்டது. அவற்றுள் ஒரு புட்டி யாம் எறிந்ததே என்பதை மறைத்தல் தகாது. அருவிநீர் சிற்றாறாய் ஓடிச் சீவலப்பேரியருகே பொருநையொடு கலப்பது. ஆதலின் மலையடியில் எறிவது வயலையும் கடலையும் சேரவல்லது.

இதனை எரித்துவிடின் என்னை? எனின், திறந்தவெளியில் எரிப்பின் நச்சுப்புகை எழும். புதைப்பின் நெடுங்காலம் மட்காது துகள்துகளாய்ச் சிதையும்.

நிற்க. மறுபயன் கொள்ளும் வழிகளுள் இரண்டனை ஈண்டுக் கூறுவாம். ஒன்று, மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரி இரசாயனப் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் கண்ட முறை. பைகளையும் மெல்லிய உறைகளையும் தூய்மை செய்து, சிறு துண்டுகளாக்கி, ஏறத்தாழ 170 பாகை செண்டிகிரேடு சூடேறிய சல்லிமீது தூவுவர். அவை உருகிக் கல்லின்மேற் போர்வைபோற் படியும். பின்னர்த் தார் கலந்து சாலையிடுவர். கல்லினுள் நீர் புகாமையின் சாலை எளிதிற் குழிவிழாது. தாரும் ஓரளவு மிஞ்சும். அவர் 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

மற்றொன்று, தண்ணீர்ப் புட்டிகளைக் கழுவி, நறுக்கி, உருக்கி, இழையாக இழுத்தல். அவ்விழை ஆடையாகும். புட்டி ஏறத்தாழ 250 பாகையிலன்றி உருகாமையின் சாலைமுறைக்குப் பொருந்தாது. பீ.வி.சி. என்னும் வகையோ, சூடேறின் நச்சாவி விடுதலின் இவ்விரண்டிற்கும் ஆகாது.

இதனாற் பெறப்படுவது யாது? வகைபிரித்தலே மறுபயனுக்கு உயிர். சோறும் எண்ணெயும் படிந்தபின் பிரித்தல் துப்புரவுப் பணியாளர்க்குப் பெருந்துன்பம். நம் கையில் இருக்கும்பொழுது பிரித்தல் நொடிப்பொழுதை வேலை.

ஆயினும் உருக்குந்தோறும் பொருளின் தரம் குன்றும், எரிபொருளும் செலவாம். ஆகலின் மறுபயனினும் விலக்கலே சிறந்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள் பலவற்றை 2019 ஜனவரி 1 முதல் நம் மாநில அரசு தடைசெய்ததும், 2021-இல் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தோன்றியதும் இதுபற்றியே.

அடுத்த சாரலுக்குச் செல்லுங்கால் துணிப்பையும் தண்ணீர்ச் செம்பும் உடன்கொண்டு செல்வோமாக. புட்டி கொண்டுசெல்ல நேரின், வெறும்புட்டியைத் திரும்பக் கொணர்வதும் நம் கடனே. எமக்கு அன்று அது தோன்றாமற் போயிற்று.