தோட்டத்துப் பூச்சிகள் கூடிய விருந்து

குழந்தைகளுக்கான பூச்சிப் பாட்டுப் படப்புத்தகங்களுக்கு ஆங்கிலத்தில் முன்னோடி, 1807 ஜனவரியில் லண்டனில் வெளிவந்த ‘தி பட்டர்ஃபிளைஸ் பால்’. வண்ணத்துப்பூச்சியின் நடனத்துக்கும் வெட்டுக்கிளியின் விருந்துக்கும் தோட்டத்து உயிர்களெல்லாம் திரண்டு வருகின்றன; தின்று, ஆடி, இருட்டியதும் கலைகின்றன. கதை இவ்வளவுதான். நீதி என்று எதுவும் இல்லை. அந்தக் காலத்துக்கு அது பெரிய துணிச்சல்.

அதுவரை குழந்தைப் பாட்டில் பூச்சி வந்தால் பெரும்பாலும் பாடம் சொல்லத்தான் வந்தது. ஐசக் வாட்ஸ் 1715-ல் வெளியிட்ட தொகுப்பில் தேனீ உழைப்புக்கு எடுத்துக்காட்டு. அதைப் பார்த்துப் பிள்ளை சோம்பலை விட வேண்டும்.

விருந்துப் பாட்டை எழுதிய வில்லியம் ராஸ்கோ லிவர்பூலில் வழக்கறிஞராகவும் வங்கியாளராகவும் இருந்தவர். அடிமை வணிகத்தில் கொழுத்த அந்த ஊரின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே, 1807-ல் அவ்வணிகத்தை ஒழிப்பதற்கு ஆதரவாக நின்றவர். லிவர்பூல் தாவரவியல் தோட்டம் உருவாக முன்னின்றவரும் அவரே. இஞ்சிக் குடும்பத்துச் செடிகளை ஆராய்ந்த அவர் பெயரை, அக்குடும்பத்தின் ‘ராஸ்கோயா’ பேரினம் இன்றும் தாங்கியிருக்கிறது. பாட்டை அவர் எழுதியது தம் சிறு மகன் ராபர்ட்டுக்காக.

உயிர்களை உற்றுப் பார்த்த கண் பாட்டு முழுக்கத் தெரிகிறது. காளான்தான் மேசை, நீர்ச்செடியின் இலைதான் விரிப்பு. குளவி வருகிறது, அன்று மாலை மட்டும் கொட்டுவதில்லை என்ற வாக்குறுதியோடு. நத்தை கம்பீரமாக ஆட வருகிறது. கூட்டம் சிரித்ததும் தலையை உள்ளிழுத்துக்கொண்டு தன் ஓட்டுக்குள் உறங்கப் போய்விடுகிறது. எல்லாவற்றிலும் அழகு சிலந்தி கழைக்கூத்தாடும் இடம். கிளைக்குக் கிளை கயிறு கட்டி ஓடும் சிலந்தி நட்டநடுவில் தவறி விழுகிறது. ஆனால் தரையைத் தொடவில்லை, ஒரு நூலின் நுனியில் அந்தரத்தில் தொங்குகிறது. சிலந்தி நகரும்போது பின்னால் ஒரு பாதுகாப்பு இழையை விட்டுக்கொண்டே போகும் என்பது விலங்கியல் உண்மை. வேடிக்கையும் உண்மையும் இங்கே ஒரே செயலாகிவிட்டன. சிலந்தியும் நத்தையும் பூச்சியினம் அல்ல என்ற பாகுபாடு குழந்தையின் தோட்டத்தில் செல்லுபடியாகாது.

ஓசையும் கைகொடுக்கிறது. அடிக்கு நான்கு அழுத்தங்கள், நடுவே இரண்டிரண்டு மெல்லிய அசைகள். துள்ளி ஓடும் சந்தம். ஈரடிக்கு ஓர் இயைபு. முதலடி முடிந்ததும் குழந்தையின் காது இரண்டாவது இயைபுக்குக் காத்திருக்கும். சிலந்தி விழுவது அப்படிக் காத்திருந்த சொல்லில், நூலில் தொங்குவது அடுத்த ஈரடியின் கடைசிச் சொல்லில்.

முதலில் இப்பாட்டு 1806-ல் ‘ஜென்டில்மன்ஸ் மேகசின்’ இதழில் வந்தது. பதிப்பாளர் ஜான் ஹாரிஸ் அதை வில்லியம் மல்ரெடியின் படங்களோடு சிறு புத்தகமாக்கினார். சாதாரணப் பிரதி ஒரு ஷில்லிங், கையால் வண்ணம் தீட்டிய பிரதி ஒன்றரை ஷில்லிங். மன்னர் மூன்றாம் ஜார்ஜின் மகள்களுக்காக ஜார்ஜ் ஸ்மார்ட் இதற்கு இசையமைத்தார். புத்தகம் வந்த 1807-லேயே போலிகள் வரிசைகட்டின. சிங்கமும் யானையும்கூட விருந்து வைத்தன. அவற்றில் கேத்தரின் டார்செட் எழுதிய மயில் விருந்துதான் தேறும்.

மேரி ஹாவிட்டின் ‘சிலந்தியும் ஈயும்’ (1829) நீதியைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆனாலும் அதன் சிலந்தி வேட்டையாடும் சிலந்திதான். முகஸ்துதிக்கு மயங்கிய ஈயை அது விடுவதில்லை. அந்த அச்சத்தை மழுப்பாததால்தான் பாட்டு நிலைத்தது. 2002-ல் டோனி டிடெர்லிஸி பழைய ஊமைப்படம் போலக் கறுப்பு வெள்ளையில் அதை வரைந்தார். மறு ஆண்டு அப்புத்தகம் கால்டெகாட் படப்புத்தக விருதில் சிறப்புத் தகுதி பெற்றது.

ராஸ்கோவின் விருந்து 1973-ல் மறுபிறவி எடுத்தது. ஆலன் ஆல்ட்ரிஜ் படம் வரைய, வில்லியம் புளோமர் புதிய பாட்டுகள் எழுதினார்; அவ்வாண்டின் விட்பிரெட் பரிசு அதற்குக் கிடைத்தது. படங்களின் பகட்டு அபாரம். ஆனால் உடையும் அணியும் ஏற ஏறப் பூச்சியின் இயல்பு மறைந்துபோகிறது. ராஸ்கோவிடம் அந்தக் குறை இல்லை. ஆல்ட்ரிஜின் புத்தகத்திலோ, ஒவ்வோர் உயிரும் உண்மையில் எப்படி வாழ்கிறது என்பதை, இயற்கையியலர் ரிச்சர்ட் ஃபிட்டர் அதற்கென எழுதிய குறிப்புகளே சொல்கின்றன.