சாஸ் கோர்ஸ் முடிச்சா வேலை உறுதியா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியவை!

பி.எஸ்சி புள்ளியியல், பி.ஃபார்ம், பயோடெக்னாலஜி முடித்தவர்களின் மொபைலில் அடிக்கடி எட்டிப்பார்க்கும் விளம்பரம் இது: 'சில மாதங்களில் கிளினிக்கல் சாஸ்... 100% வேலை உறுதி!' இதை நம்பி நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டும் குடும்பங்களும் உண்டு. உண்மையில் சாஸ் என்றால் என்ன? அதைப் படித்தால் என்ன வேலை? காசு கொடுத்துத்தான் கத்துக்கணுமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சாஸ் என்றால் என்ன?

பெரிய அளவிலான தரவுகளைச் சுத்தப்படுத்தி, கணக்கிட்டு, அட்டவணையாகத் தரும் புள்ளியியல் மென்பொருள்தான் சாஸ். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1960-களில், விவசாய ஆராய்ச்சித் தரவுகளை அலசுவதற்காகத் தொடங்கிய முயற்சி இது. 1976-ல் சாஸ் இன்ஸ்டிடியூட் என்ற தனி நிறுவனமானது. இன்று வங்கி, காப்பீடு, மருந்து ஆராய்ச்சி எனப் பல துறைகளில் பயன்படுகிறது.

இதே வேலைக்குப் பயன்படும் இன்னொரு மொழி 'ஆர்'. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் இருந்த ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகியோர் 1990-களில் உருவாக்கியது. சாஸுக்கு நிறுவனங்கள் உரிமக் கட்டணம் கட்டணும். ஆர் முழுக்க முழுக்க இலவசம்.

மருந்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு புது மருந்து விற்பனைக்கு வரும் முன் மனிதர்களிடம் கட்டம் கட்டமாகச் சோதிக்கப்படும். பங்கேற்பவரின் வயது, ரத்த அழுத்தம், பக்கவிளைவு என எல்லாமே தரவாகப் பதிவாகும். இந்தத் தரவை, சிடிஸ்க் என்ற சர்வதேச அமைப்பு வகுத்துள்ள எஸ்டிடிஎம், ஆடம் என்ற வடிவங்களுக்கு மாற்றணும். பிறகு அதிலிருந்து அட்டவணைகள், பட்டியல்கள், வரைபடங்கள் தயாரிக்கணும். இதைச் செய்பவர்தான் ஸ்டாட்டிஸ்டிக்கல் புரோகிராமர்.

முக்கியமான அட்டவணைகளை இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவர் கோடை இன்னொருவர் பார்க்காமல் எழுதுவார்கள். இருவரின் விடையும் பொருந்தினால்தான் அடுத்த கட்டம். அந்த அளவுக்குக் கவனம் தேவைப்படும் வேலை. வெளிநாட்டு மருந்து நிறுவனங்களுக்காக இந்த வேலையைச் செய்யும் நிறுவனங்கள் பெங்களூரு, ஹைதராபாத், சென்னை ஆகிய நகரங்களில் இருக்கின்றன.

சாஸ் கட்டாயமா?

'அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, சாஸைத்தான் ஏத்துக்கும்' என்று சொல்லக் கேட்டிருப்பீங்க. அது சரியல்ல. குறிப்பிட்ட எந்த மென்பொருளையும் கட்டாயப்படுத்தவில்லை என்று எஃப்டிஏ 2015-லேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆனாலும் சாஸுக்கு மவுசு குறையாததற்குக் காரணம் உண்டு. சமர்ப்பிக்கும் தரவுக்கு எஃப்டிஏ கேட்டுவந்த கோப்பு வடிவம், சாஸ் நிறுவனம் உருவாக்கிய 'எக்ஸ்பிடி'. நிறுவனங்களிடம் பல ஆண்டுகளாகச் சேர்ந்த கோடும் சாஸில்தான் இருக்கு. அதே நேரம் ஆர் பயன்பாடும் வளர்ந்து வருவதால், ஒன்றை நன்றாகப் பிடித்துக்கொண்டு மற்றதையும் தொட்டு வைப்பது நல்லது.

கட்டளைகளை மனப்பாடம் பண்ணா போதுமா?

போதாது. ஒரு சின்ன உதாரணம். ஆய்வில் 18 வயதுக்குக் குறைந்தவர்களை மட்டும் பிரிக்கணும். 'வயது 18-ஐ விடக் குறைவு' என்று சாஸில் எழுதுறீங்க. சில பேருக்கு வயதே பதிவாகவில்லை. அவர்களும் சிறார் பட்டியலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்! ஏன் தெரியுமா? விடுபட்ட எண்ணை, எல்லா எண்களையும் விடச் சிறியதாக சாஸ் எடுத்துக்கொள்ளும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஆரில் இதே ஒப்பீட்டுக்கு 'என்ஏ', அதாவது விடை தெரியாது என்றே பதில் வரும்.

மருந்தின் பாதுகாப்பைச் சொல்லும் அட்டவணையில் இப்படி நடந்தால் விளைவு பெரிது. இன்டர்வியூவிலும் இந்த மாதிரி இடத்தில்தான் கேள்வி வரும். அடிப்படைப் புள்ளியியலும், தரவைச் சந்தேகப்பட்டுப் பார்க்கும் பழக்கமும் வேணும்.

இலவசமா எங்கே கத்துக்கலாம்?

* சாஸ் ஆன்டிமாண்ட் ஃபார் அகாடமிக்ஸ்: சாஸ் நிறுவனமே கற்பவர்களுக்காக இலவசமாகத் தருவது. பதிவு செய்துவிட்டு பிரவுசரிலேயே கோடு எழுதலாம். பழைய லேப்டாப்பும் இணையமும் போதும்.

* சாஸின் தொடக்கநிலைப் பாடம்: 'புரோகிராமிங் 1' வகுப்பும் அதே நிறுவனத்தின் தளத்தில் இலவசம்.

* ஆர், ஆர்ஸ்டுடியோ: இரண்டையும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.

* என்பிடெல், ஸ்வயம்: ஐஐடி பேராசிரியர்களின் புள்ளியியல், ஆர் வகுப்புகள் இலவசம். சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம்.

* சிடிஸ்க் பைலட் தரவு: பொதுவெளியில் கிடைக்கும் மாதிரி ஆய்வுத் தரவு. இதிலிருந்து நீங்களே நாலு அட்டவணை தயாரித்து வைத்திருந்தால் இன்டர்வியூவில் காட்டலாம்.

அப்போ பயிற்சி மையமே வேண்டாமா?

அப்படிச் சொல்ல முடியாது. மேலே சொன்ன பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கு. தமிழ் வழியில் படித்து வந்தவருக்கு, பக்கத்தில் உட்கார்ந்து சந்தேகம் தீர்க்கும் நல்ல ஆசிரியர் பெரிய உதவி. ஆனால் பணம் கட்டும் முன் இதையெல்லாம் கேளுங்க:

1. பாடம் நடத்துபவர் இந்தத் துறையில் வேலை பார்த்தவரா?
2. வகுப்பில் நாமே கோடு எழுதுவோமா, பார்த்துக்கொண்டு மட்டும் இருப்போமா?
3. தருவது மையத்தின் சான்றிதழா, சாஸ் நிறுவனத்தின் அதிகாரபூர்வத் தேர்வுக்கான பயிற்சியா? இரண்டும் வேறு வேறு.
4. வேலை உறுதி, பாதியில் நின்றால் பணம் திரும்ப வரும் என்பதை எழுத்தில் தருவார்களா?
5. அசல் சான்றிதழ்களைக் கேட்கிறார்களா? கேட்டால் கொடுக்காதீங்க.

'ரெண்டு வருஷ அனுபவச் சான்றிதழ் நாங்களே ரெடி பண்ணித் தர்றோம்' என்று யாராவது சொன்னால், உடனே எழுந்து வந்துடுங்க. நிறுவனங்கள் பின்னணிச் சரிபார்ப்பு செய்யும்போது போலி என்று தெரிந்தால் வேலை போகும். வழக்கு வரைக்கும் போகலாம். சிக்கிக்கொள்வது பெரும்பாலும் சான்றிதழைக் கொடுத்தவர் அல்ல, பேரு போட்டிருக்கும் நீங்கதான்.

ஏமாந்தால் யாரிடம் சொல்வது?

பயிற்சி மையங்களின் தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விளம்பர ஸ்கிரீன்ஷாட், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரமா வெச்சுக்கோங்க.

முதல்ல என்ன பண்ணலாம்?

ஒரு மாதம், தினமும் ஒரு மணி நேரம் இலவசப் பாடத்தில் உட்கார்ந்து பாருங்க. கோடு தப்பாகும்போது எங்கே தப்பு என்று தேடிக் கண்டுபிடிக்கும் ஆர்வம் வருதா என்று கவனிங்க. வந்தால், அதன்பிறகு ஃபீஸ் கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். வரலைன்னா, நகையாவது அடகுக்குப் போகாம வீட்டிலேயே இருக்கும்.