பூண்டின் பேருக்குக் காவல் இருக்கு, நிலத்துக்கு?

சிவில் டிபார்ட்மென்ட்காரங்களுக்கு சர்வே கேம்ப்னா என்னன்னு சொல்லத் தேவையில்லை. மத்தவங்களுக்காக: சில நாள் ஒரு மலை ஊர்ல தங்கி, டோட்டல் ஸ்டேஷனைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஏறி இறங்கி, கடைசியில ஒரு கான்டூர் ஷீட்டோட திரும்பி வர்றது. எங்க பேட்சுக்கு அது கொடைக்கானல் பக்கம் அமைஞ்சது. பூம்பாறைக்கு மேலே ஒரு ரோட்டு வளைவுல நின்னு பார்த்தா, உங்கள்ல பல பேர் போட்டோவுல பார்த்த அதே காட்சி. நடுவுல நெருக்கமா வீடுகள், சுத்திலும் படிப்படியா இறங்குற வயல்கள்.

படிநிலத்துல கான்டூர் எடுக்குறது சுலபம். கோட்டை ஏற்கெனவே போட்டு வச்சிருக்காங்க. ஒவ்வொரு படியோட விளிம்பும் கிட்டத்தட்ட ஒரு சமஉயரக் கோடு. கருவி இல்லாம, கண்ணையும் தண்ணி ஓடுற திசையையும் வச்சு தலைமுறை தலைமுறையா போட்ட கோடு.

நாங்க பிரிசத்தை நட்டுட்டு இருந்தப்போ ஒரு பெரியவர் கிட்ட வந்தார். "அளக்குறீங்களே தம்பி, பிளாட் போடவா?"

"இல்லீங்கய்யா, காலேஜ்லேர்ந்து வந்திருக்கோம்."

"அப்படியா. போடுறவங்க யாராச்சும் தெரிஞ்சா சொல்லுங்க. நானும் ரெண்டு ஏக்கர் குடுத்துரலாம்னு இருக்கேன்."

நாங்க எதிர்பார்த்தது பயத்தையோ கோபத்தையோ. அவர் குரல்ல இருந்தது அலுப்பு. விவசாய நிலத்தைக் காப்பாத்தணும்னு பேசுற பெரும்பாலான கட்டுரைகள்ல இந்தப் பெரியவர் வர்றதே இல்ல. அதனால இவரை வச்சே விஷயத்தைப் பார்ப்போம்.

முதல்ல அந்த ரெண்டு ஏக்கரோட மதிப்பு என்ன? கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சது. அதே வருஷம் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைச்சது. பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சி மலைவாழைக்கு அதுக்கு முன்னாடியே, 2008-ல. ஒரே மலைத்தொடரைச் சுத்தி மூணு குறியீடு. கேட்கப் பெருமையாத்தான் இருக்கு. ஆனா புவிசார் குறியீடு என்ன பண்ணும்னு யோசிச்சுப் பாருங்க. வேற ஊர்ப் பூண்டை இந்தப் பேர்ல வித்தா தடுக்கும். இந்த ஊர் வயல்ல காட்டேஜ் கட்டினா தடுக்காது. அது பேருக்கான காவல், மண்ணுக்கானது இல்ல. அந்த உயரம், அந்தக் குளிர், அந்த மண் மூணும் சேர்ந்துதான் அந்தப் பூண்டு. வயல் போயிட்டா, சர்டிபிகேட் ஒரு இல்லாத பொருளோட பேரைக் காத்துக்கிட்டு இருக்கும்.

ஒரு நியாயத்துக்காக இதையும் சொல்லிடணும்: மலைவாழை குறைஞ்சதுக்கு ரியல் எஸ்டேட்டை மட்டும் கை காட்ட முடியாது. 1970-களுக்கு அப்புறம் கீழ்ப்பழனி மலைகள்ல வாழையை அழிச்சது முடிக்கொத்து நோய். நோய்க்கு மருந்து தேடலாம், நோயில்லாத கன்னை மறுபடி நடலாம். மேல கான்கிரீட் போட்ட மண்ணுல என்ன நடுறது?

படிநிலம்ங்கிறது வெறும் சமதளமா வெட்டின மண் இல்ல. மழை இறங்குற வேகத்தை ஒவ்வொரு படியிலயும் உடைச்சு, கொஞ்சத்தை மண்ணுக்குள்ள அனுப்பி, மிச்சத்தை மெதுவா கீழ்ப்படிக்கு விடுற ஏற்பாடு. ஹைட்ராலஜி பேப்பர்ல ரன்ஆஃப் கோ-எஃபிஷியன்ட்னு படிச்சிருப்பீங்க. பயிர் இருக்குற படிக்கும் கூரையும் தார் ரோடும் இருக்குற சரிவுக்கும் அந்த எண் எவ்வளவு மாறும்னு புத்தகத்தைத் திறந்தாலே தெரியும். கட்டடத்துக்காக நடுவுல ரெண்டு படியை வெட்டி நிரவினா, மேல்படி சாயத் தொடங்கும், கீழ்ப்படிக்கு ஒரே இடத்துல வெள்ளம் கொட்டும். ஒருத்தர் நிலத்தை வித்தா பக்கத்து நாலு பேர் நிலமும் பாதிக்குது. இந்த மலையோட வடக்குச் சரிவுல இறங்குற தண்ணியிலதான் அடிவாரத்துல பாலாறு-பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு அணைகள் நிரம்புது. அதை நம்பித்தான் பழனி வட்டாரத்து வயல்கள் இருக்கு. மேல ஒரு வயல் போனா கீழ இன்னொரு வயலுக்கும் கணக்கு இருக்கு.

சரி, சட்டமே இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு, நிறையவே இருக்கு. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971. அதுக்குக் கீழ கொடைக்கானல் நகரத்துக்கு 1993-ல ஒரு மாஸ்டர் பிளான். 1990-லயே மலைப்பகுதிகளுக்குன்னு தனியா மலையிடப் பாதுகாப்புக் குழுமம். பேச்சுவழக்குல 'ஹாக்கா'. இதோட எல்லைக்குள்ள கட்டணும்னா வனத்துறை, கனிமவளத்துறை, வேளாண் பொறியியல் துறைன்னு பல மேசைகளைத் தாண்டணும். திட்டப் பகுதிக்கு வெளியே விவசாய நிலத்தை வேற உபயோகத்துக்கு மாத்தவும் அனுமதி வேணும். அதுக்கான விதிகள் 2017-ல வந்தது.

நீதிமன்றமும் சும்மா இல்ல. பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கைப் பத்தி உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க, ஞாபகம் இருக்கும். ரெண்டு தளத்துக்கு அனுமதி வாங்கிட்டு ஏழு தளம் எழுப்பினாங்க. 1994-ல அரசே விதிவிலக்கு கொடுத்து ஆணை போட்டது. பழனி மலைப் பாதுகாப்புக் குழு வழக்குப் போட்டுச்சு. ஆணையை உயர் நீதிமன்றம் ரத்து பண்ண, 1995-ல உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செஞ்சது. இந்தியாவுல மலை நகரக் கட்டட விதி பத்தின முக்கியமான வழக்குகள்ல இது ஒண்ணு. அப்புறம் 2016 செப்டம்பர்ல, அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. தமிழ்நாடு முழுக்க ரியல் எஸ்டேட் ஸ்தம்பிச்சது. மறு வருஷமே, 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி போட்ட மனைகளைக் கட்டணம் கட்டி வரன்முறை பண்ணிக்கலாம்னு விதி வந்துடுச்சு.

இவ்வளவு இருந்தும் ஏன் வில்பட்டிப் பக்கம் சரிவெல்லாம் கட்டடமாகுது? என் பார்வையில காரணம் லஞ்சம் மட்டும் இல்ல. இந்த விதிகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்குது: "இந்தக் கட்டடம் இந்த இடத்துல நிக்குமா?" சரிவு எவ்வளவு, எத்தனை தளம், மரம் வெட்டணுமா, பாறை எப்படி. எல்லாம் தேவையான கேள்விகள்தான். ஆனா "இந்த வயல் வயலாவே இருக்கணுமா?"ங்கிற கேள்வியை முன்கூட்டியே கேட்டு, பதிலை வரைபடத்துல கோடா போடுற இடம் எங்கேயும் இல்ல. 1993 திட்டம் நகரத்துக்கானது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கூக்கால் எல்லாம் அதுக்கு வெளியே. அங்க ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தனியா வருது. பத்து சென்ட்ல ஒரு வீடு. தனியாப் பார்த்தா எந்தத் தப்பும் தெரியாது, அதிகாரி மறுக்கவும் காரணம் இருக்காது. அடுத்த மாசம் இன்னொரு பத்து சென்ட். நூறாவது விண்ணப்பம் வரும்போது அங்க வயலே இருக்காது, அப்போ "சுத்திலும் வீடுதானே, இதுக்கு ஏன் தடை"ன்னு கேட்டா அதுவும் நியாயமாத்தான் படும். அதுக்கு மேல வரன்முறைத் திட்டங்கள் வேற. இன்னிக்கு மீறினா நாளைக்குக் கட்டணம் கட்டிச் சரி பண்ணலாம்னு ஜனங்களுக்குப் பழகிப்போச்சு.

முன்கூட்டியே கோடு போடுறது நம்ம மாநிலத்துக்குப் புதுசு இல்ல. 2020-ல காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமா அறிவிச்சாங்க. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களோட கடலூர், புதுக்கோட்டையில சில வட்டாரங்கள். எண்ணெய், எரிவாயு துரப்பணம், உருக்காலை, தோல் பதனிடும் ஆலைன்னு புதுசா வரக்கூடாததோட பட்டியல் அந்தச் சட்டத்துல இருக்கு. அந்தப் பட்டியல்ல மனைப்பிரிவு இல்ல. வயலுக்கு நடுவுல எண்ணெய்க் கிணறு தோண்ட முடியாது, ஆனா வயலை மனையாக்குறதை இந்தச் சட்டம் தொடாது. மலைக்கு இது பொருந்தவும் பொருந்தாது.

கோடு போட்டவங்க என்ன கத்துக்கிட்டாங்கன்னு ரெண்டு ஊரைப் பார்க்கலாம். கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியாவும் மலைப்பாங்கான மாகாணம்தான், விவசாயத்துக்குத் தோதான நிலம் ரொம்பக் கம்மி. 1973-ல அங்க நல்ல மண்ணையெல்லாம் 'வேளாண் நில ஒதுக்கீடு'ன்னு வரைபடத்துல அடைச்சுட்டாங்க. அதை வெளியே எடுக்கணும்னா உள்ளூர் நிர்வாகம் மட்டும் நினைச்சாப் போதாது, அதுக்குன்னு தனி ஆணையம் சம்மதிக்கணும். விவசாயிங்க அப்போ கடுமையா எதிர்த்தாங்க. எங்க நிலத்தோட விலையை ஒரே கையெழுத்துல குறைச்சுட்டீங்களேன்னு. அந்தக் கோபம் நியாயமானது. நம்ம பெரியவரும் அதைத்தான் கேட்பார்.

அமெரிக்காவுல மேரிலாண்ட் மாகாணத்து மான்ட்கோமெரி கவுன்ட்டியில 1980-ல இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஒதுக்கின விவசாயப் பகுதியில 25 ஏக்கருக்கு ஒரு வீடுதான்னு கட்டுப்படுத்தினாங்க. அதுக்கு ஈடா, ஒவ்வொரு 5 ஏக்கருக்கும் ஒரு 'கட்டும் உரிமை'யை விவசாயி கையில கொடுத்தாங்க. அதை அவர் தன் வயல்ல பயன்படுத்த முடியாது. ஆனா நகரத்துப் பக்கம் கட்டுற பில்டருக்கு விக்கலாம். பில்டர் அதை வாங்கினா வழக்கத்தைவிடக் கூடுதலா வீடு கட்டிக்கலாம். விவசாயிக்குப் பணம், நிலம் அவர் பேர்லயே இருக்கும், அந்த உரிமை வித்துப்போச்சுங்கிறது பத்திரத்துல ஏறிடும். அடுத்து வாங்குறவரும் அங்க விவசாயம்தான் பண்ண முடியும்.

இது நமக்கு முழுசா அந்நியம் இல்ல. ரோடு விரிவாக்கத்துக்கு நிலம் கொடுத்தவங்களுக்கு, காசுக்குப் பதிலா மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை, அதாவது டிடிஆர், கொடுக்குற ஏற்பாடு தமிழ்நாட்டு விதிகள்லயே இருக்கு. அதைப் படிநிலத்துக்கு நீட்டினா என்னங்கிறதுதான் கேள்வி.

நீட்டுறதுல சிக்கல்கள் உண்டு, மறைக்கல. அந்த உரிமையை எங்க கொண்டுபோய் இறக்குறது? கொடைக்கானல் நகரத்துக்குள்ள இறக்கினா சரிவுல இன்னும் உயரமான கட்டடங்கள்தான் வரும், பிளசன்ட் ஸ்டே கதை திரும்பும். இறக்குற இடம் சமவெளியில, திண்டுக்கல்லோ பழனியோ வத்தலகுண்டோவா இருக்கணும். அங்க கூடுதல் தளத்துக்குக் காசு கொடுக்குற அளவுக்கு டிமாண்ட் இருக்குமான்னு எனக்குச் சந்தேகம்தான். இல்லேன்னா அரசே ஒரு நிதி வச்சு வாங்கி வைக்கணும். அடுத்தது 'பண்ணை நிலம்'னு விக்கிற தந்திரம். ஏக்கரைத் துண்டு துண்டாக்கி, நாலு வெண்ணெய்ப்பழக் கன்னு நட்டு, வேலி போட்டு, விவசாய நிலம்னே பதிஞ்சுட்டு உள்ள காட்டேஜ் கட்டுவாங்க. அதனால பயன்பாட்டை மட்டும் கட்டுப்படுத்தினாப் பத்தாது, குறைஞ்சபட்ச அளவுக்குக் கீழ நிலத்தைத் துண்டாக்குறதையும் நிறுத்தணும். அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்கு விலக்கு கொடுத்தே ஆகணும், அந்த ஓட்டை வழியா எவ்வளவு ஒழுகும்னு யோசிச்சு விதி எழுதணும்.

இதெல்லாம் சர்வே நம்பர் வாரியா நடந்தாத்தான் நிக்கும். "பூம்பாறை பசுமை மண்டலம்"னு பொத்தாம்பொதுவா எழுதினா, கோர்ட்ல முதல் வாய்தாவுலயே உதிர்ந்துடும். புலப்படத்தை எடுத்து, சரிவையும் மண்ணாழத்தையும் தண்ணி வர்ற வழியையும் அது மேல ஏத்தி, எந்த நம்பர் உள்ள, எது வெளியேன்னு காரணத்தோட சொல்லணும். ஊருக்கு வீடு கட்டவும் இடம் விடணும், விடலேன்னா ஊர்க்காரங்களே முதல்ல மீறுவாங்க. வரைவுத் திட்டத்தை வெளியிட்டு ஆட்சேபணை கேட்கணும்னு 1971 சட்டம் சொல்லுது. அந்த அறிவிப்பைப் படிச்சுப் பதில் எழுதுறது பெரும்பாலும் யாருன்னா, நிலம் வாங்கி வச்சிருக்குற வெளியூர்க்காரங்க. பெரியவர் மாதிரி ஆளுங்க கண்ணுக்கு அது படுறதே கஷ்டம்.

கோடு மட்டும் போட்டு விட்டுட்டாலும் வயல் பிழைக்காது. அன்னிக்குச் சாயங்காலம் அவர்கிட்ட ஏன் குடுக்கணும்னு நினைக்கிறீங்கன்னு கேட்டோம். விலை நிலையா இல்ல, வேலைக்கு ஆள் இல்ல, ராத்திரி காட்டுமாடு இறங்கினா ஒரு வரிசை காலி, மகன் கோயம்புத்தூர்ல. "கையில இருக்குறப்பவே வித்தாத்தானே தம்பி காசு. நாளைக்கு சட்டம் வந்துட்டா?" சட்டம் வரப்போகுதுங்கிற பேச்சே விற்பனையை வேகப்படுத்தும்னு எந்த லெக்சர்லயும் எங்களுக்குச் சொல்லித் தரல. அறிவிக்கிற அன்னிக்கே ஈட்டுத்தொகையும் சேர்ந்து வரலேன்னா, பாதுகாக்க நினைச்ச நிலம் அறிவிப்புக்கு முன்னாடியே கை மாறிடும்.

கேம்ப் முடிஞ்சு ஷீட் வரைஞ்சோம். அவரோட ரெண்டு ஏக்கர் பதினோரு கோடா வந்திருந்தது. லெஜண்ட்ல பச்சை அடிச்சு 'விவசாயம்'னு எழுதிச் சப்மிட் பண்ணினோம். வைவாவுல குளோசிங் எரரை மட்டும்தான் கேட்டாங்க.