புனல் இருக்கு, எண்ணெய் எங்கே?

தம்ரூட் இனிப்பு வாங்கத்தான் கூத்தாநல்லூர் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவைத்தேன். போனது வேறு கூத்தைப் பார்க்க. இணையக் கடை ஒன்றின் செயலியை ஊர்ப் பெண்கள் கையில் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறிப்பெடுக்கிறார்களாம். வேடிக்கை பார்க்க எனக்கும் கூடத்தில் ஒரு மூலை கிடைத்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் போடாமல் நீங்களும் வாங்க.

உள்ளே நுழைந்ததும் முதல் அதிர்ச்சி: மே மாத மதியம், ஃபேன் ஓடவில்லை! ஓடினால் ஒலிப்பதிவில் இரைச்சல் விழுமாம். ஒரு போனை இன்னொரு போன் படம்பிடிக்கிறது. அது சாயாமல் இருக்க ஊறுகாய் பாட்டில் முட்டு. ஆய்வுக்கு வந்த பெண் துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்தபடியே சிரிக்கிறார். ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான கோளாறுகள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். இங்கே ஐந்து பேரைக் கூப்பிட்டால் ஒன்பது பேர் வந்து உட்கார்வார்கள் என்று அவருக்கு யார் சொல்வது!

"ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பேரனுக்கு வெள்ளை ஜிப்பா, 500 ரூபாய்க்குள்ள எடுங்கம்மா. மனசுல ஓடுறதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே தேடுங்க."

போனைக் கையில் வாங்கிய நன்னியின், அதாவது பாட்டியின், கட்டைவிரல் ஓடுகிறது. ரோஸ் கலர் ஜிப்பா, மூவாயிரம் ரூபாய் ஷெர்வானி, யாரோ ஒரு மாப்பிள்ளை. கேட்டவர் உதவி செய்யக் கூடாது என்பது விதி. பாவம், பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறார். திரையின் மூலையில் ஒரு புனல் படம், கீழே 'வடிகட்டு'.

"இதைத் தொட்டா என்ன வரும்னு நினைக்கிறீங்க?"

"எண்ணெய் ஊத்துற புனல், டீ வடிகட்டி எல்லாம் வரும். நமக்கு எதுக்கு புள்ள அது? ஜிப்பாதானே கேட்டே?"

பேத்தி வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடுகிறாள். நோட்டில் அந்தப் பதிலுக்குக் கீழே இரண்டு கோடு விழுகிறது. என்னைக் கேட்டால் நன்னி சொன்னதுதான் சரி.

இணையக் கடைகளில் ஃபிளிப்கார்ட் 2020 ஜூனில் தமிழுக்கு வந்தது. அமேசான் அதே ஆண்டு செப்டம்பரில். எதை மொழிபெயர்ப்பது, எதை அப்படியே தமிழ் எழுத்தில் விடுவது என்பதுதான் இப்படிச் செயலியைத் தமிழாக்கும் வேலையில் பெரிய தலைவலி. 'ஃபில்டர்' என்றே விட்டால் நம் பக்கத்தில் காபி மணக்கும்!

ஒருவழியாகப் புனல் திறந்தது. விலை, நிறம், அளவு என்று வரிசையாகக் கட்டங்கள். நன்னி கண்ணாடியை ஏற்றிவிட்டு மேலும் கீழும் தேடினார். "கஞ்சி போட்டா வெறப்பா நிக்குமான்னு கேக்குற இடம் எங்கே?" அப்படி ஒரு கட்டமே இல்லை. ஜவுளிக்கடையில் அவர் கேட்கிற முதல் கேள்வியே அதுதான்.

அடுத்தது சீட்டு விளையாட்டு. கைலி, நைட்டி, துப்பட்டி, பிரியாணி தேக்சா என்று ஆளுக்கு நாற்பது சீட்டு. எது எதோடு சேரும் என்று பாயில் பிரித்து வைக்க வேண்டும். ஒரு மணி நேரம் வேர்வை சொட்டப் பிரித்தார்கள். பள்ளிவாசலிலிருந்து வந்த பேரன், "ஏன் எல்லாரும் வேகுறீங்க?" என்று ஃபேன் சுவிட்சைத் தட்டினான். அவ்வளவுதான், கைலி ஜன்னலுக்கு, தேக்சா பீரோவுக்கு அடியில்!

இன்றைக்கே உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அந்தப் புனலைக் காட்டி, இது என்ன என்று கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.